பின்சீட்டு ஓரத்தில் ஒரு சல்லடை

அத்தியாயம் பதினேழு

சாவியைக் கொடுத்துவிட்டாள் சிமோன். போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தது அந்த இடத்தில்தான்.

யாரிடம் கொடுத்தாள் என்பதை மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கும் சொல்லிவிடுவது முறை. மாமனார் அல்சீடிடம் கொடுத்தாள். கோடையில் நெல், பிறகு அதே வயலில் தண்ணீர் கட்டி கிராஃபிஷ் சிங்கி என்று லூசியானாவின் அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பிழைக்கிற பிழைப்புதான் அவருடையதும். மனைவி வெர்னாவை அடக்கம் செய்த அன்று, மதியச் சாப்பாட்டில், அவருடைய தங்கை லியோனா எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னாள். "அந்த வயல் தண்ணியில வேலை வாங்கியே அவளைக் கொன்னுட்டியேண்ணா." அன்று தட்டை வைத்துவிட்டு எழுந்தவர்தான். தங்கையோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு எவர் வீட்டு மேசையிலும் அவர் உட்காரவில்லை.

மகன் ஜூட் கூப்பிட்டால் "பாக்கலாம்" என்பார். மருமகள் கூப்பிட்டால் "ரொம்ப நன்றி" என்பார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். வரமாட்டார்.

அப்படிப்பட்டவர், புனித வெள்ளிக்கு முந்தின நாள் தானே போன் செய்தார்.

"நாளைக்கு உங்க வீட்டுக்குச் சிங்கி நான் கொண்டுவரேன். என் டிரக்குல கியர் போச்சு. உன் வண்டி கிடைக்குமா?"

மகனிடம் டிரக் இருக்கிறது. தம்பி டட்லியிடமும் இருக்கிறது. இருந்தும் மருமகளிடம் கேட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அவளிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கேட்ட மாத்திரத்தில், இந்த வருஷம் புனித வெள்ளிச் சிங்கிச் சாப்பாட்டுக்கு அவர் வந்து உட்காரப் போகிறார் என்று சிமோன் முடிவு கட்டிக்கொண்டாள்.

அவளுடைய வண்டி ஹைப்ரிட். பெட்ரோல் பாதி, பேட்டரி பாதி. வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ் அவள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயலும் சதுப்புமாகக் கிடக்கும் சாலைகளில் நாளெல்லாம் ஓடுகிறவளுக்கு அந்த வண்டிதான் கை கால். பின்சீட்டின் ஓரத்தில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னச் சல்லடை உண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி அதன் வழியாகத்தான் காற்றை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சல்லடையைத் தூசி போகத் துடைப்பாள். அதன் பக்கத்தில் பை வைக்க ஜூட்டைக்கூட விடமாட்டாள்.

சாவியை நீட்டும்போது அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. "அந்த ஓரத்துல மட்டும் எதையும் வெக்காதீங்க மிஸ்டர் அல்சீட்."

சொல்லவில்லை. ஒரு நிபந்தனை சொன்னால் போதும், மனிதர் சாவியை மேசையில் வைத்துவிட்டு "ரொம்ப நன்றி" என்று நடந்துவிடுவார். அந்த பயம் அவளுக்கு.

இனி வெள்ளிக்கிழமை.

* * *

காலையிலிருந்தே கார் கொட்டகையில் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. ஜூட் பெரிய அண்டாவைக் காஸ் அடுப்பில் ஏற்றி, எலுமிச்சையும் பூண்டும் மிளகாய்ப் பொடியும் கொட்டித் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் கடலில் எண்ணெய்க் கிணற்றுப் படகிலும் இரண்டு வாரம் வீட்டிலுமாக வாழ்கிறவன். மறுநாள் விடிவதற்குள் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும்.

நீள மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தாள் சிமோன். பக்கத்தில் உருளைக்கிழங்கு, சோளம், காளான், ஒரு பொட்டலம் பன்றிக்கறி சாசேஜ்.

டட்லி சித்தப்பா பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஜூட்! உன் பொண்டாட்டி நம்ம எல்லாரையும் நரகத்துக்கு அனுப்பப் பாக்கறாடா. புனித வெள்ளி அன்னிக்குக் கறி!"

"ஐயோ, மறந்துட்டேன் சித்தப்பா. வடக்க எங்க ஊர் ஷ்ரீவ்போர்ட்ல இதெல்லாம் பாக்கமாட்டோம்."

"அதான் அங்க யாருக்கும் சமைக்கத் தெரியல."

"குடுங்க, ஃப்ரிட்ஜுல வெக்கறேன்."

"வெய்யி, வெய்யி. ஞாயித்துக்கிழமை காலையில மொத ஆளா வந்து நானே தின்னு தீத்துடறேன்." சிரித்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். "எங்க நம்ம அண்ணன்? சிங்கி இன்னும் முட்டையில இருக்கா?"

சிமோனும் நாலைந்து முறை தெருவைப் பார்த்துவிட்டாள். மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். கை வைத்த நாற்காலி. மற்றவர்களுக்கு மடக்கு நாற்காலிதான். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி டட்லி நகர்ந்துகொண்டார்.

அப்போதுதான் ஜூட்டின் போன் அடித்தது. துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தான்.

"சொல்லுங்கப்பா... இல்லப்பா, அவ இங்க இல்ல."

சிமோன் உருளைக்கிழங்குத் தட்டோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"எங்க? கால்வாய் ரோட்டுலயா?... சிவப்பு லைட்டா?... பின்னால சுடுதா? சரி... சரி... சொல்லல. நான் ஏன் சொல்லப் போறேன்?"

வைத்துவிட்டுத் திரும்பியவன் விறைத்துப் போனான்.

"ஷா... நீ எப்ப வந்தே?" 'ஷா' என்று கொஞ்சலாகக் கூப்பிட்டால் ஏதோ மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"அவ இங்க இல்லைன்னு சொன்னப்பவே வந்துட்டேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வண்டி நின்னுடுச்சாம். பின்சீட்டுப் பக்கம் கொஞ்சம் சூடா இருக்காம். ஆற வெச்சுட்டு வந்துடறேங்கறார். உன்கிட்ட சொல்ல வேண்டாமாம்."

"எப்படி ஆற வெப்பார்?"

"எப்படின்னா? கால்வாய் பக்கத்துலயே ஓடுது. எப்பவும் டிரக்குக்கு ஊத்தற மாதிரி ஒரு பக்கெட்..."

தட்டு மேசையில் விழுந்தது. ரெண்டு உருளைக்கிழங்கு உருண்டு ஓடியது.

"போன் பண்ணு. இப்பவே பண்ணு. தண்ணி ஊத்த வேண்டாம்னு சொல்லு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"வண்டிக்குள்ளயே போட்டுட்டு எறங்கியிருப்பார்" என்றான் ஜூட்.

டட்லி நெற்றியைச் சொறிந்தார். "ஊத்தினாத்தான் என்னம்மா? நாங்க எத்தனை டிரக்குக்கு ஊத்தியிருக்கோம்."

"அது ரேடியேட்டர் இல்ல சித்தப்பா. கரண்ட். வீட்டுச் சுவத்துல வர்ற கரண்டை விட ஜாஸ்தி. உள்ள தண்ணி போனா வண்டி போறது கூடப் பெருசில்ல. அவர் கை அதுமேல இருக்கும்."

டட்லியின் முகத்திலிருந்த சிரிப்பு போனது. தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார்.

"ஏறு என் டிரக்குல."

* * *

டட்லியின் டிரக்குக்கு ஏசி கிடையாது. கியர் கம்பு சமையலறைக் கரண்டி மாதிரி ஆடும். எந்தப் பக்கம் தள்ளினால் எது விழும் என்பது அல்சீடுக்கும் டட்லிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். சிமோன் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வேலியைச் சாய்த்திருக்கிறாள்.

பாலத்தைத் தாண்டினார்கள். இடது கைப் பக்கம் நீல நிறத் தபால் பெட்டி வைத்த வீடு. டட்லி வழக்கம்போல் ஒரு ஹாரன் அடித்தார். லியோனாவின் வீடு. டட்லிக்கு அவள் அக்கா. அண்ணன் பேசாவிட்டாலும் தம்பி ஹாரன் அடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு மாசமா வாசலுக்கே வரதில்ல" என்றார். "கேட்டா முட்டி வலிங்கறா."

சிமோன் நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தாள்.

"சீக்கிரம் போங்க சித்தப்பா."

"இதுக்கு மேல அழுத்தினா என் கால் தரையிலதான் பட்டு ஓடும்."

கால்வாய் ரோடு வளைந்ததும் தெரிந்தது. ஒற்றை ஓக் மரத்து நிழலில் அவள் வண்டி. முன் மூடி திறந்து கிடந்தது. பின்கதவும் மேலே தூக்கியிருந்தது. சிங்கி அடைத்த வலைச்சாக்குகள் நிழலில் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கக் கதவைத் திறந்துகொண்டு, பின்சீட்டின் மேல் குனிந்து நின்றார் அல்சீட். கையில் மஞ்சள் வாளி. விளிம்புவரை தண்ணீர்.

டிரக் நிற்பதற்கு முன்பே சிமோன் குதித்தாள்.

"அல்சீட்! வேண்டாம்! கீழ வை அந்த பக்கெட்டை! வை கீழ!"

கால்வாய்க்கு அக்கரையில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான்.

அல்சீட் அப்படியே நின்றார். பிறகு, மேசையில் சூப் கிண்ணத்தை வைப்பது போல, ஒரு சொட்டுச் சிந்தாமல் வாளியைத் தரையில் வைத்தார்.

"ஊத்திட்டீங்களா?"

"இல்ல. இதுதான் முதல்."

"நிஜமா?"

"ஊத்தியிருந்தா பக்கெட் காலியா இருக்கும்."

சிமோன் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வந்ததும் வேலை தெரிந்தவளாகிவிட்டாள்.

"சாவியைக் குடுங்க. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போய் நில்லுங்க. இன்னும், இன்னும் தள்ளி. புகை வந்துச்சா? கருகற நாத்தம்?"

"இல்ல. ஒரு சத்தம்தான். பின்னால யாரோ மெஷின் வெச்சுத் தலைமுடி காய வெக்கற மாதிரி. ஊஊன்னு. அப்புறம் லைட்டு எரிஞ்சுது. அப்புறம் வேகமே எடுக்கல."

வண்டியை முழுக்க அணைத்துவிட்டு, சாவியை டட்லியின் டிரக்கில் கொண்டுபோய் வைத்தாள். எல்லாக் கதவையும் விரியத் திறந்துவிட்டாள். கையை எதன் மேலும் வைக்காமல் எட்டிப் பார்த்தாள். பின்சீட்டு நனைந்து கறுத்திருந்தது. சல்லடையின் கம்பிகளில் சாக்கு நூலும் ஒரு சிங்கியின் மீசையும் ஒட்டியிருந்தன.

"ஏசி போட்டிருந்தீங்களா?"

"எனக்கு எதுக்கு ஏசி? கண்ணாடியை இறக்கிவிட்டேன்."

"உங்களுக்கு இல்ல மிஸ்டர் அல்சீட். பேட்டரிக்கு."

"அதுக்கு எதுக்கு?"

"அது இந்தச் சல்லடை வழியாத்தான் மூச்சு விடுது. நாம உக்காந்திருக்கிற இடத்துக் காத்தைத்தான் அதுவும் இழுக்கும். நமக்கு வேர்த்தா அதுக்கும் வேர்க்கும். இதை அடைச்சா மூச்சு முட்டும். ஈரச் சாக்கை வெச்சு அடைச்சா தண்ணியையும் சேத்து இழுக்கும்."

அல்சீட் நிழலில் இருந்த சாக்குகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"சிங்கி மாதிரி" என்றார் மெல்ல. "சாக்குல ஈரம் இருக்கணும், ஆனா தேங்கின தண்ணில வெச்சா மூச்சு முட்டிச் செத்துப்போகும். வெயில் பட்டாலும் செத்துப்போகும். காத்து வேணும்."

"அதே மாதிரிதான். ஆனா இதுக்கு ஈரமும் ஆகாது."

"அப்ப சிங்கியைவிட ரோஷக்காரப் பிராணி."

டட்லி கிட்டே வந்து ஒரு சாக்கைக் காலால் லேசாகத் தட்டினார். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, ஒண்ணு கேக்கறேன். நீ ஆயுசுக்கும் சிங்கியை ஒரு தடவைக்கு மேல அலசினதில்ல. என்ன இது, குளிப்பாட்டி விட்ட கொழந்தை மாதிரி பளபளன்னு இருக்கு? இவ்வளவு தண்ணி எங்கேந்து?"

அல்சீட் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணே."

"தண்ணி தெளியற வரைக்கும் அலசினேன். அதுக்கு மேல ஐஸ் போட்டேன். போதுமா?"

"ஏன்?"

"சேறு நாத்தம் அடிக்குதுன்னு சொன்னா இல்ல."

"யாரு?"

தொப்பி சிமோனின் பக்கம் ஒரு தடவை அசைந்தது.

அவளுக்கு நினைவே வரவில்லை. பிறகு வந்தது. வெர்னா இருந்த கடைசி ஈஸ்டர். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்புக்காகச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். இந்த மனிதர் மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

"பெருசு பெருசா இருந்ததையெல்லாம் பொறுக்கித் தனிச் சாக்குல போட்டேன்" என்றார் அல்சீட், தொப்பியிடம். "பின்பக்கம் வெயில் அடிக்குதேன்னு அதைத் தூக்கிச் சீட்டுல வெச்சேன். என் பக்கத்துலயே இருக்கட்டும்னு. அது போய் அந்த ஓட்டை மேல சாஞ்சிருக்கு."

சிமோன் அந்தச் சல்லடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாவி குடுத்தப்பவே இதைச் சொல்லணும்னு இருந்தேன். ஒரு வரிதான். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சாவியைத் திருப்பிக் குடுத்துடுவீங்கன்னு."

அவர் யோசித்தார்.

"குடுத்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார்.

டட்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு யோசனை" என்றார். "போன் தண்ணில விழுந்தா அரிசிக்குள்ள பொதைச்சு வெப்பமே. அண்ணன்கிட்டதான் ஒரு கிடங்கு நெல்லு இருக்கே. வண்டியை அதுக்குள்ள தள்ளிட்டா என்ன?"

முதலில் சிரித்தது அல்சீட்தான். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். டட்லியே அதைப் பார்த்து நாளாயிற்று.

பிறகு குனிந்து, மஞ்சள் வாளியை எடுத்து, அந்தத் தண்ணீரைச் சிங்கிச் சாக்குகளின் மேல் சீராக ஊற்றினார்.

* * *

டட்லி சங்கிலியைக் கொண்டுவந்தார். சிமோன் தடுத்தாள்.

"கட்டி இழுக்கக் கூடாது சித்தப்பா. சக்கரம் சுத்திச்சுன்னா மறுபடி உள்ள கரண்ட் உண்டாகும். தூக்கித்தான் கொண்டுபோகணும்."

"என்ன வண்டிம்மா இது! குடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, நடக்கவும் கூடாதா?"

"டிராக்டர் ஏத்தற டிரெய்லர் என் வீட்டுல கெடக்கு" என்றார் அல்சீட்.

தகவல் போனதும் ஜூட் அடுப்பை அணைத்துவிட்டு, அப்பா வீட்டுக்குப் போய் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தான். சாலையோரம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் ஏற்றுப் பலகை தரையில் படியவில்லை. மேட்டைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தான்.

"டேய்!" அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குரலில்.

"புனித வெள்ளி அன்னிக்கு மண்ணைக் கீறக் கூடாது" என்றார் அல்சீட். "உங்கம்மா பூந்தொட்டியைக்கூடத் தொடமாட்டா இன்னிக்கு."

ஜூட் மண்வெட்டியைத் திரும்ப வைத்தான். பள்ளத்தில் இரண்டு பலகைகளை அடுக்கி, டிரெய்லரின் கைக்கப்பியைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக வண்டியை மேலே ஏற்றினார்கள். அது முடிவதற்குள் ஜூட், மெக்கானிக் பெர்சியைப் போனில் பிடித்துவிட்டான்.

"ஸ்டார்ட் பண்ணவே கூடாதாம். நெழல்ல, வீட்டை விட்டுத் தள்ளி, கதவைத் திறந்து போட்டு வெக்கணுமாம். ஈஸ்டர் முடிஞ்சதும் வந்து பிரிச்சுப் பாக்கறேங்கறான். ஈரம் மட்டும்னா காய வெச்சுத் துடைச்சுடலாமாம். உள்ள அரிச்சிருந்தா..."

"மாத்தணும்" என்றாள் சிமோன்.

"அது அப்ப பாக்கலாம், ஷா."

அல்சீட் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது.

ஊருக்குள் அந்த ஊர்வலம் நுழைந்தபோது சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து கோயிலிலிருந்து ஜனம் வந்துகொண்டிருந்தது. முன்னால் டட்லியின் டிரக், அதில் சிங்கிச் சாக்குகள். பின்னால் ஜூட்டின் டிரக், அதன் டிரெய்லரில் நாலு கதவையும் சாய்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஹைப்ரிட். யாரோ ஒருவர், சவ ஊர்வலத்தைக் கண்ட பழக்க தோஷத்தில், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

* * *

அண்டா மறுபடி கொதித்தது. சிங்கி உள்ளே போனது. நிறம் மாறியது. மணம் தெருக்கோடிவரை போய் ஆட்களை அழைத்துவந்தது.

அல்சீட் மட்டும் மேசைப் பக்கம் வரவில்லை. புல்தரை ஓரத்தில், டிரெய்லரின் பக்கத்தில் நின்றார். வண்டியின் நனைந்த சீட்டைப் பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக இருந்தார்.

சிமோன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"கொட்டப் போறாங்க மிஸ்டர் அல்சீட். வாங்க."

"சிங்கியைக் கொண்டாந்து சேத்துட்டேன். டட்லி என்னை வீட்டுல விட்டுடுவான்." நிறுத்தினார். "ரொம்ப நன்றி."

அந்த இரண்டு வார்த்தை. அவளுக்குக் காலையிலிருந்து நடந்த எதுவும் அப்படி வலிக்கவில்லை. வண்டி போகட்டும், பேட்டரி போகட்டும். இவர் இப்போது போனால் இனி சாவி கேட்கக்கூட வரமாட்டார்.

"நாங்க எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். தயவுசெஞ்சு வந்து உக்காருங்க."

"நீ பொழைப்புக்கு ஓட்டற வண்டி. அதைக் கெடுத்துட்டு உன் மேசையில உக்காந்து திங்கவா?"

"பக்கெட்டைக் கீழ வைன்னதும் வெச்சீங்க இல்ல? மறுபேச்சுப் பேசலியே?"

"அப்ப நீ இப்படிக் கேக்கல."

"எப்படிக் கேட்டேன்?"

அவர் வாயின் ஓரம் லேசாக அசைந்தது. "மிஸ்டரும் இல்ல, மண்ணும் இல்ல. வெர்னா போனதுக்கப்புறம் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்ல."

சிமோன் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் ஜூட்டும் டட்லியும் ஆளுக்கு ஒரு பக்கம் அண்டாவைத் தூக்கிப் பிடித்தபடி, கொட்டாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தோளில் துண்டைப் போட்டாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"அல்சீட்," என்றாள். "வந்து உக்காரு."

அவர் தொப்பியைக் கழற்றினார். அவளைத் தாண்டி நடந்தார். கை வைத்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

டட்லி ஒரு விசில் அடித்தார். "நாங்க ரெண்டு வருஷமா மரியாதையா கூப்பிட்டுக் கெடுத்தோம்டா ஜூட்!"

அண்டா கவிழ்ந்தது. சிவந்த சிங்கி மலையாகச் செய்தித்தாளின் மேல் சரிந்து, ஆவி எல்லாரையும் மறைத்தது. ஆவி விலகியபோது அல்சீட் ஏற்கெனவே ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார். பெரியது. வால்சதையை உரித்தெடுத்து, சிமோனின் முன்னால் தாளின் மேல் வைத்தார்.

"மோந்து பாத்துட்டுத் தின்னு."

அவள் மூக்கருகே கொண்டுபோனாள். "சேறே இல்ல."

"இருக்காது" என்றார்.

ஓடுகள் குவிந்தன. வெயில் கொட்டகையை விட்டு நகர்ந்தது. மறுநாள் வேலை நினைவுக்கு வந்து சிமோன் எழுந்தாள்.

"ஆபீசுக்குப் போன் பண்ணணும். நாளைக்கு வரமுடியாதுன்னு சொல்லிடறேன். ஜூட் விடியறதுக்குள்ள டிரக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவான். டட்லி சித்தப்பா கியர் எனக்கு வராது."

"எனக்கு வரும்" என்றார் அல்சீட். "டட்லி, சாவியை வெய்யி."

"கேக்கறயா, சொல்றயாண்ணே?"

"உன் வண்டியில பேட்டரி மூச்சு விடற ஓட்டை ஏதாவது இருக்கா?"

"ஓட்டைக்கு என்ன பஞ்சம்? எல்லாமே ஓட்டைதான்."

"அப்ப சரி. நான் ஓட்டறேன் சிமோன். உன் வண்டி சரியாகற வரைக்கும்."

அவள் மெல்ல மறுபடி உட்கார்ந்தாள்.

"நீங்க டிரக்குலயே உக்காந்திருக்கணும். உள்ள வரக் கூடாது. நோயாளி பேரு கேக்கக் கூடாது. அது எங்க தொழில் கட்டளை."

"கேக்கல. வழியை மட்டும் சொல்லு. முதல்ல எங்க?"

சிமோன் ஒரு சோளத்தை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"பாலம் தாண்டி இடது கைப் பக்கம்" என்றாள். "நீலத் தபால் பெட்டி."

காலையில் அந்த வீட்டுக்கு ஹாரன் அடித்த டட்லி, மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். ஜூட் அப்பாவைப் பார்த்தான்.

அல்சீடின் விரல்கள் பாதி உரித்த சிங்கியின் மேல் அப்படியே இருந்தன. மேசையின் மறுகோடியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவர் அந்தச் சிங்கியைப் பொறுமையாக உரித்து முடித்தார். தின்னவில்லை. தாளின் ஒரு மூலையைக் கிழித்து, அதில் வைத்து மடித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"